ஒரு நடைக்கு எத்தனை யூனிட்?

சுவிட்சர்லாந்தில் பீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலை. கல் வெட்டும் இடம் மலைச்சரிவில் மேலே இருக்கிறது, ஆலைக்குச் செல்லும் பாதை கீழ்நோக்கி இறங்குகிறது. அங்கே ஓடும் ராட்சத மின் டம்பர் காலியாக ஏறி, 65 டன் கல்லோடு இறங்குகிறது. இறங்கும்போது அதன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தை அடக்கும் சக்தியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்த்துவிடுகிறது. ஏறச் செலவானது இறங்கும்போது திரும்பிவிடுவதால், வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் தேவை மிகக் குறைவு.

அந்த வண்டியை நம் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் மூடியிருந்த நிலம் இது. சுண்ணாம்புக்கல் தரைக்கு அடியில் கிடக்கிறது, தோண்டத் தோண்டக் குழிதான். காலி டிப்பர் குழிக்குள் இறங்குகிறது, லோடு ஏற்றிய டிப்பர் மேடேறுகிறது. பீலில் கிடைக்கும் இலவச மின்சாரம் இங்கே கிடைக்காது.

அப்படியானால் மின் லாரி அரியலூருக்கு ஆகாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். லோடோடு சேர்த்து 40 டன் எடையுள்ள லாரியை 40 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே தூக்க ஏறக்குறைய நாலரை யூனிட் மின்சாரம் போதும். தார்ச்சாலையில் அதே லாரி கிலோமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை எடுத்துக்கொள்ளும். ஆக, அந்த ஆழத்திலிருந்து ஏறுவது மூன்று முதல் நாலரை கிலோமீட்டர் சாலை ஓட்டத்துக்குச் சமம், அவ்வளவுதான். உண்மையான செலவு வேறோர் இடத்தில் இருக்கிறது. சக்கரம் புதையும் இளகிய மண்பாதையில் வண்டியை உருட்ட, நல்ல தார்ச்சாலையைப் போலப் பல மடங்கு சக்தி வேண்டும். சுரங்கத்திலிருந்து நெடுஞ்சாலை வரைக்குமான பாதையைக் கெட்டிப்படுத்தினாலே பேட்டரியின் அளவைக் குறைத்துவிடலாம். லாரி வாங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது. வண்டி விற்பவரின் விலைப்பட்டியலில் இதற்கு விடை இருக்காது.

இந்தக் கணக்கைப் போட வேண்டியவர் யார்? மாவட்டத்தின் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும், நெடுஞ்சாலைத் துறையிலும், போக்குவரத்து அலுவலகத்திலும் இருக்கும் திட்டமிடுநர்கள்தான். ஆனால் ஆளே பற்றாக்குறை. இந்திய மாநிலங்களின் நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் தேவை என்று நிதி ஆயோக் 2021-இல் மதிப்பிட்டது. அப்போது அனுமதிக்கப்பட்டவை 4,000-க்கும் குறைவு, அவற்றிலும் ஏறக்குறைய பாதி காலி. இருப்பவர்களில் பெரும்பாலோர் மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி தருவதில் பழகியவர்கள். அது அவர்கள் குற்றமில்லை, அந்த வேலைக்காகத்தான் அவர்களை எடுத்தார்கள்.

மின்சாரக் கணக்கு அவர்களுக்குப் புதிது. இருபது லாரிகள் ஒரே நேரத்தில் தலா 240 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் ஏற்றினால் 4,800 கிலோவாட். கிராமத்தில் நாம் பார்க்கும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் எழுபத்தாறு சேர்ந்து தாங்க வேண்டிய பளு அது. நேரம் பிரித்து ஏற்றினால் பளுவைப் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம். அந்த நேர அட்டவணையைப் போட லாரி எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது தெரிய வேண்டும்.

அந்தத் தகவல் இருக்கவே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் ஒவ்வொரு வண்டிக்கும் கனிம நடைச்சீட்டு உண்டு. எங்கிருந்து எங்கே, எத்தனை டன், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. பெருநகரங்களில் பெரும் செலவில் நடத்தும் போக்குவரத்துக் கணக்கெடுப்பு இங்கே ஒவ்வொரு நடையிலும் தானாகவே நடக்கிறது. இன்னொரு பக்கம், சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சாலை விபத்துத் தரவுத்தளத்தில் விபத்து நடந்த இடத்தைக் காவல்துறை வரைபடக் குறியோடு பதிகிறது. முதலில் நடைமுறைக்கு வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இந்த இரண்டையும் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் ஒரே வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் மாவட்டத்துக்கு வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் எந்தச் சாலையில் எத்தனை டிப்பர் ஓடுகிறது என்பதை அவர் மதியத்துக்குள் சொல்லிவிடுவார். சிமென்ட் லாரிகளைப் பற்றி அரியலூர் மக்கள் எத்தனையோ ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். அந்த முறையீட்டுக்குப் பின்னால் எண்கள் நின்றால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மின் லாரி புகையை நிறுத்தும். புழுதியை நிறுத்தாது, விபத்தையும் நிறுத்தாது. சத்தம் குறைந்து, எடுப்பு வேகம் கூடிய கனரக வண்டி ஊருக்குள் வருவது தனிக் கவலை. லாரியே வேண்டுமா என்றுகூடக் கேட்கலாம்: மேகாலயாவிலிருந்து வங்கதேசத்தின் சாத்தக் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் 17 கிலோமீட்டர் நீளக் கன்வேயர் பெல்ட்டில்தான் போகிறது.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் கேள்வி வேறு. மாவட்டத் தலைநகருக்கே ரயில் கிடையாது, எல்லாம் சாலைதான். எறையூர் சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைக்குக் கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். ஷிப்டு முடியும் நேரத்துக்கும் கடைசி டவுன் பஸ்ஸுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதை, மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்காக நடத்துநர் கிழித்துத் தரும் டிக்கெட்டுகளின் பதிவே காட்டிக்கொடுக்கும். மின் பஸ் வாங்குவதற்கு முன் அந்தப் பதிவைப் படிக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2025 ஜூலையில் மின் லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்தது. சிமென்ட் தொழிலையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பழைய லாரியை உடைப்புக்குக் கொடுத்த சான்று வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய நிறுவனத்துக்கு இது எளிது. கடனில் ஒன்றிரண்டு டிப்பர் வைத்து ஓட்டுபவருக்கு அந்தப் பழைய வண்டிதான் மொத்தச் சொத்து. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மாதத் தவணையையும் ஒரு நடைக்கான யூனிட் செலவையும் தமிழில் விளக்கிச் சொல்லத் தெரிவதும் திட்டமிடுநரின் திறன்களில் ஒன்றுதான். டீசல் பம்பு பழுது பார்த்தே வயதான மெக்கானிக்குகளை எந்த ஐ.டி.ஐ.யில், எந்த மாலை வகுப்பில் சேர்ப்பது என்பதை முதல் மின் லாரி வருவதற்கு முன்பே அவர் முடிவு செய்திருக்க வேண்டும்.