பிரிந்து வாழும் மாற்றுத்திறனாளிப் பெற்றோர்: அரசு உதவி தம் கைக்கே வந்து சேர

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ முடிவெடுத்தால், ஒரே நாளில் இருவரும் வெவ்வேறு வீட்டிற்குச் சென்றுவிடலாம். ஆனால் ஆவணங்கள் அவ்வளவு விரைவில் பிரிவதில்லை. ரேஷன் அட்டையில் இருவர் பெயரும் தொடர்கின்றன. வருமானச் சான்றிதழில் பழைய குடும்பத்தின் வருமானமே பதிவாகிறது. அரசு வழங்கும் உதவித்தொகை பழைய கூட்டுக் கணக்கிற்கே சென்று சேர்கிறது. பிரிந்தவர் மாற்றுத்திறனாளியாகவும், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு உடையவராகவும் இருந்தால், இந்தத் தாமதம் அவரது மாதாந்திர வாழ்வையே பாதிக்கும்.

எடுத்துக்காட்டாக, திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் வாழும் ஒரு தாயைக் கற்பனை செய்து கொள்வோம். இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு 60 விழுக்காடு இயலாமை உள்ளது. கணவரைப் பிரிந்து, எட்டு வயது மகளுடனும் பன்னிரண்டு வயது மகனுடனும் தம் பெற்றோர் வீட்டில் வசிக்கிறார். அவரது ஓய்வூதியம் கணவருடனான கூட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது, ஏ.டி.எம். அட்டையோ கணவரிடம் இருக்கிறது. பிள்ளைகளின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கச் சென்றால், கணவரின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வருமானச் சான்றிதழ் தடையாக நிற்கிறது. அவருக்கு உரிமை இல்லாமல் இல்லை. அந்த உரிமையை மெய்ப்பிக்கும் ஆவணங்கள்தாம் இன்னும் அவர் பெயருக்கு வரவில்லை.

சட்டம் தரும் உறுதி

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. மாற்றுத்திறனாளிப் பெண்களின் வாழ்வாதாரத்திற்கும், அவர்கள் தம் பிள்ளைகளை வளர்ப்பதற்கும் உதவி வழங்குவதை அரசின் திட்டங்களில் ஒன்றாக அப்பிரிவு குறிப்பிடுகிறது.

வங்கி வாடிக்கையாளர்கள் சிறப்பாக அறிய வேண்டியது 13ஆம் பிரிவு. தம் நிதி விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே உண்டு என்று அது கூறுகிறது. அவருக்கு உதவி வந்தவருக்கும் அவருக்கும் ஒரு பண விவகாரத்தில் நலன்கள் முரண்படுமானால், உதவுபவர் அந்த விவகாரத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். ஒருவரது உதவி வேண்டாம் என்று முடிவு செய்து, வேறொருவரின் உதவியை நாடவும் மாற்றுத்திறனாளிக்கு உரிமை உண்டு. பிரிவுக்கு முன்பு கணவரோ மனைவியோ கணக்கைக் கவனித்து வந்தார் என்பதற்காக, அதன் பின்னரும் அவரே கவனிக்க வேண்டும் என்பதில்லை.

கேரளத்தில் கிடைக்கும் உதவிகள்

முதலாவது, மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். தாய், தந்தை என்ற வேறுபாடு இதற்கில்லை. 40 விழுக்காடும் அதற்கு மேலும் இயலாமை உள்ளவராகவும், குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மிகாதவராகவும் இருக்க வேண்டும். 2021 முதல் மாதம் 1,600 ரூபாயாக இருந்த இத்தொகை 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. திருவனந்தபுரம் நகரில் மாநகராட்சியிலும், ஊர்ப்புறங்களில் கிராமப் பஞ்சாயத்திலும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது, மாத்ருஜ்யோதி. பார்வைக் குறையுள்ள தாய்மார்களுக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் பிற இயலாமை உள்ளவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட திட்டம் இது. குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. குழந்தை பிறந்ததும் தாமதியாமல் பூஜப்புரையிலுள்ள மாவட்ட சமூகநீதி அலுவலகத்தை அணுகுதல் நல்லது.

மூன்றாவது, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான கல்வி உதவி. மணமுறிவு பெற்றவர்களும் கணவரால் கைவிடப்பட்டவர்களும் இதில் அடங்குவர். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 3,000 ரூபாயும், ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை 5,000 ரூபாயும், மேனிலை வகுப்புகளுக்கு 7,500 ரூபாயும், பட்டப்படிப்பிற்கும் அதற்கு மேலும் 10,000 ரூபாயும் கிடைக்கும். ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் வரை பயன் பெறலாம். நாம் எடுத்துக்கொண்ட தாய்க்கு மகள் பொருட்டு 3,000, மகன் பொருட்டு 5,000 என ஆண்டுக்கு 8,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு. மகளிர் மற்றும் குழந்தைகள் நலத்துறையின் இத்திட்டத்திற்கு இணையவழியே விண்ணப்பிக்க வேண்டும்; விவரங்களை அருகிலுள்ள அங்கன்வாடியில் கேட்டறியலாம்.

முதற்பணி: தனிக் கணக்கு

“இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்” என்ற முறையில் இயங்கும் கூட்டுக் கணக்கிலிருந்து, எவர் ஒருவரும் முழுத் தொகையையும் எடுத்துவிடலாம். அக்கணக்கிலிருந்து ஒருவர் பெயரை நீக்கப் பொதுவாக இருவர் கையொப்பமும் தேவை. ஆனால் புதிதாகத் தனிக் கணக்குத் தொடங்க எவரது ஒப்புதலும் வேண்டியதில்லை. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கே இதற்குப் போதுமானது. பழைய கணக்கைப் பற்றிய தகராறை எழுத்து மூலம் கிளைக்குத் தெரிவித்தால், இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்க இயலாதவாறு வங்கி பொதுவாக அதன் இயக்கத்தை நிறுத்திவைக்கும்.

கணக்குத் தொடங்கியதோடு பணி முடிவதில்லை. ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுத் தொகை, உதவி பெறுவதற்கென எந்தக் கணக்கோடு கடைசியாக ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் செல்லும். எனவே புதிய கணக்கில் ஆதாரை இணைக்கும் ஒப்புதல் படிவத்தைக் கிளையில் தர வேண்டும். இணைப்பு மாறியதா என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கேரள ஓய்வூதியத்திற்கு இன்னொரு பணியும் உண்டு: மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பதிவாகியுள்ள கணக்கு எண்ணை மாற்றித் தருமாறு தனியே விண்ணப்பிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்க ஊழியர் வாயிலாக வீட்டிலேயே தொகையைப் பெறும் ஏற்பாடும் இருப்பதால், முகவரி மாற்றத்தையும் அப்போதே பதிவு செய்வது நலம்.

கிளைக்கு வர இயலாதவர்கள் தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டிற்கே சென்று அடிப்படை வங்கிச் சேவை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியுள்ளது.

ரேஷன் அட்டையும் சான்றுகளும்

பெரும்பாலான திட்டங்கள் தனிநபர் வருமானத்தை அல்ல, குடும்ப வருமானத்தையே பார்க்கின்றன. குடும்பம் எது என்பதை அலுவலர்கள் பெரும்பாலும் ரேஷன் அட்டையைக் கொண்டே அறிகின்றனர். கணவரின் சம்பளம் மட்டுமன்று, 1,000 சி.சி.க்கு மேற்பட்ட கார், 2,000 சதுர அடிக்கு மேற்பட்ட வீடு ஆகியவையும் ஓய்வூதியத்திற்குத் தடையாகலாம். ஆகவே பழைய அட்டையிலிருந்து தம் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் பிரித்து, தாம் வசிக்கும் வீட்டின் அட்டையில் சேர்க்கவோ புதிய அட்டை பெறவோ வேண்டும். அட்சயா மையங்கள் வழியாக இதற்கு விண்ணப்பிக்கலாம். அதன் பின்னரே வில்லேஜ் ஆபீசில் வருமானச் சான்றிதழ் கோருவது முறை. வரிசை மாறினால் பழைய வருமானமே மீண்டும் பதிவாகும்.

பிள்ளையின் கணக்கிற்குத் தந்தையின் கையொப்பம் வேண்டுமா?

இக்கேள்விக்குப் பின்னால் வங்கித் துறையோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தம் மைனர் மகன் பெயரில் நிவாரணப் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். தந்தையின் கையொப்பம் வேண்டும், அல்லது தாய் பாதுகாவலர் என்பதற்கான சான்று வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட வந்தனா சிவாவின் மனு, மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு தாயுடையது. இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம், தந்தைக்கு ‘அடுத்து’ தாய் என்கிறது. அச்சொல்லுக்குத் தந்தையின் இறப்பிற்குப் பின் என்பது மட்டுமே பொருளன்று; தந்தை பிள்ளையைக் கவனிக்கும் நிலையில் இல்லாதபோதும் தாயே இயற்கைப் பாதுகாவலராகலாம் என்று 1999 பிப்ரவரி 17 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயைப் பாதுகாவலராகக் கொண்டு மைனரின் சேமிப்புக் கணக்கையும் வைப்புக் கணக்கையும் தொடங்க இன்று ரிசர்வ் வங்கியின் விதிகள் அனுமதிக்கின்றன. பிள்ளைகளின் கல்வி உதவிக்கான கணக்கைத் தாய் தம் கையொப்பத்திலேயே தொடங்கலாம்.

ஜீவனாம்சம்

அரசு உதவி பெறுவதால் துணைவரின் கடமை நீங்கிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்படி மனைவியும் பிள்ளைகளும் ஜீவனாம்சம் கோரலாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்பிற்கு அறிவிப்புச் சேர்ந்த 60 நாள்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும். நீதிமன்றம் ஆணையிட்ட தொகை வராவிட்டால், உரிய நாளிலிருந்து ஓராண்டிற்குள் வசூலுக்கு மனுச் செய்ய வேண்டும் என்பதை மறக்கலாகாது. வங்கிக் கணக்கு அறிக்கையே இதற்கு உற்ற சான்று. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருமானமற்ற கணவரும் மனைவியிடம் ஜீவனாம்சம் கோர இயலும். மாற்றுத்திறனாளித் தந்தையருக்கு இது பயன்படும்.

வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி அளிக்கிறது. வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

நினைவிற்கொள்ள வேண்டிய வரிசை

1. தம் பெயரில் மட்டும் சேமிப்புக் கணக்கு. அதில் ஆதார் இணைப்பு.
2. மாநகராட்சி அல்லது பஞ்சாயத்தில் ஓய்வூதியக் கணக்கு எண், முகவரி மாற்றம்.
3. ரேஷன் அட்டையில் பெயர்ப் பிரிப்பு. பிறகு புதிய வருமானச் சான்றிதழ்.
4. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் மூலப் படிகளைத் தம் வசம் வைத்தல்.
5. பிள்ளைகள் பெயரில் கணக்கு. கல்வி உதவிக்கு விண்ணப்பம்.
6. ஜீவனாம்சத்திற்குச் சட்ட உதவி மையத்தை அணுகுதல்.
7. ஆண்டுதோறும் அரசு அறிவிக்கும் காலத்தில் அட்சயா மையத்தில் மஸ்டரிங் செய்தல். செய்யாவிடில் ஓய்வூதியம் நின்றுவிடும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிற்கே வந்து செய்து தருவர்.

இவற்றுள் முதற்பணியை ஒரே நாளில் செய்யலாம். ஆதார் அட்டையுடனும் புகைப்படத்துடனும் அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். அல்லது வர இயலாத நிலையைத் தெரிவியுங்கள்.