கட்டுரையும் முட்டுக்கட்டையும்

பேசச் சொன்னால் பொழுது போவதே தெரியாமல் பேசும் நாம், எழுதச் சொன்னால் மட்டும் ஏன் திகைக்கிறோம்? தலைப்புத் தெரியும், படித்ததும் நினைவில் இருக்கும், ஆயினும் முதல் வரி வராது. இந்நிலையை ஆங்கிலத்தில் 'ரைட்டர்ஸ் பிளாக்' என்பர். நியூயார்க்கில் பணியாற்றிய உளப்பகுப்பு மருத்துவர் எட்மண்ட் பெர்க்லர் 1947-இல் இப்பெயரைச் சூட்டினார் என்பர்.

'பிளாக்' என்றால் கட்டை. தடை என்றும் பொருள். தமிழிலும் அப்படியே! வண்டிச் சக்கரம் உருளாமல் வைப்பதும் முட்டுக்கட்டை; நல்ல செயலைத் தடுப்பதும் முட்டுக்கட்டை. 'கட்டுரை'யைப் பிரித்தால் கட்டு, உரை எனக் கிடைக்கும். எழுத்து ஓடாத வேளையில் உரை ஓடிவிடுகிறது. கட்டு மட்டும் நம் கையில்! ஈய எழுத்துக் கோத்து ஆண்டு மலர் அச்சிட்ட நாளில், படம் அச்சேறப் 'பிளாக்' வேண்டும். படத்துக்கு அது இல்லாவிட்டால் தொல்லை. எழுதுபவருக்கு அது இருந்தால் தொல்லை!

அறிஞரும் இதை வைத்து விளையாடியதுண்டு. 1974-இல் அமெரிக்க உளவியலார் டென்னிஸ் அப்பர், தம் எழுத்துத் தடைக்குத் தாமே செய்துகொண்ட சிகிச்சை பலிக்கவில்லை என்று பொருள்படும் தலைப்பில், ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். தலைப்பின் கீழே ஒரு சொல்கூட இல்லை, வெற்றிடமே கட்டுரை! எலுமிச்சைச் சாறு தடவியும் எக்ஸ்-ரே கொண்டும் ஆராய்ந்து ஒரு குறையும் காணவில்லை என்று பாராட்டினார் மதிப்பீட்டாளர்.

சிரிப்பு இருக்கட்டும். வெற்றுத்தாளை நீட்டும் மாணவியைச் சோம்பேறி என்றோ, அறிவு குறைந்தவள் என்றோ நாம் முடிவு செய்துவிடலாமா? மைக் ரோஸ் என்ற அமெரிக்க ஆசிரியர், கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவர் பத்துப் பேரை ஆராய்ந்து 1980-இல் எழுதினார். ஐவர் எழுத்துத் தடையால் வருந்தியவர். ஐவர் தடையின்றி எழுதுபவர். வருந்தியவரும் திறமை உடையவரே. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் முதல் முறையிலேயே பிழையின்றி அமையவேண்டும் என்பது போன்ற வளையாத விதிகளால் அவர்கள் தங்களையே கட்டிப்போட்டிருந்தனர். மற்றவரிடமும் விதிகள் இருந்தன. உதவாதபோது அவற்றை ஒதுக்கிவைக்க அவர்கள் தயங்கவில்லை.

ஆகவே நம்மைத் தடுப்பது பெரும்பாலும் அறியாமை அன்று. நீல மை காயுமுன் வந்துவிடும் சிவப்பு மையே! இதற்கு வழி என்ன? பத்து நிமிடம் நிறுத்தாமல், திருத்தாமல், தோன்றியதை எல்லாம் எழுதிப் பழகுங்கள் என்று பீட்டர் எல்போ 1973-இல் வெளியிட்ட நூலில் கூறினார். அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே நாவல்கள் எழுதிய ஆங்கிலேயர் ஆன்டனி டிராலப், விடியற்காலை 5.30 மணிக்கே அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொற்கள் எழுதினார். மனம் கனிய அவர் காத்திருக்கவில்லை.

தோழியரே, முதலில் எழுதுவோம், பிறகு திருத்துவோம். பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, எங்கள் முதற்படியில் பிழை தேடாமல் கருத்தைத் தேடுங்கள். கட்டையை எடுத்துவிட்டால் வண்டி தானே உருளும் அன்றோ!