ஸ்டேடியக் கணக்கும் ஊர்த் திடல் கணக்கும்

சனி, ஞாயிறு இரவுகளில் திருச்சியின் கல்லூரி விடுதிகளிலும், சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிய டீக்கடைகளிலும், காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திலும் இளைஞர்கள் கூடினால் கால்பந்துப் பேச்சுதான். லண்டனில் நடக்கும் ஆட்டத்தைச் செல்பேசியில் பார்க்கும் தலைமுறை இது. கோல் கணக்கோடு இவர்கள் நிறுத்துவதில்லை. எந்த கிளப் புது ஸ்டேடியம் கட்டுகிறது, எவ்வளவு கடன், யார் காசு என்பதுவரை பேச்சு போகிறது. "ஸ்டேடியம் கட்டின கடனை அடைக்கவே உங்க கிளப்புக்கு நேரம் போச்சு மாப்ள, அப்புறம் எங்க கப்பு?" என்று ஒருவர் சீண்டுவார். "நாங்களாவது கடன் வாங்கிக் கட்டினோம்டா, வெஸ்ட்ஹாம்காரன் மாதிரி ஊரான் காசுல ஏறி உக்காரல" என்று மற்றவர் திருப்பிக் கொடுப்பார்.

இதை வெட்டிப் பேச்சு என்று நாம் ஒதுக்க வேண்டியதில்லை. மைதானம் யாருடையது, யார் காசில் கட்டியது, யார் உள்ளே வரலாம் என்ற மூன்று கேள்விகளும் அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கின்றன. அதே கேள்விகளை நம் ஊர்த் திடலைப் பார்த்தும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

லண்டன் சொல்லும் கணக்கு

அர்செனல் கிளப் தன் பழைய ஹைபரி மைதானத்தை விட்டு 2006-இல் புது ஸ்டேடியத்துக்குப் போனது. செலவு சுமார் 39 கோடி பவுண்டு. பெயர் சூட்டும் உரிமையை எமிரேட்ஸ் விமான நிறுவனத்துக்கு விற்றது. பழைய மைதானம் அடுக்குமாடிக் குடியிருப்பானது. அதன் பிறகு 2014 வரை பெரிய கோப்பை எதுவும் அந்த அணிக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துப் பகைவரான டாட்டன்ஹாம் 2019-இல் 62,000 பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியத்தைத் திறந்தது. செலவு சுமார் 100 கோடி பவுண்டு, பெரும்பகுதி கடன். அதை அடைக்க அங்கே இசை நிகழ்ச்சியும் அமெரிக்கக் கால்பந்தும் நடக்கின்றன.

வெஸ்ட்ஹாம் கதை வேறு. 2012 ஒலிம்பிக்குக்காக மக்கள் வரிப்பணத்தில் கட்டிய ஸ்டேடியத்துக்கு 2016-இல் அந்த கிளப் குடியேறியது. 99 ஆண்டுக் குத்தகை, தொடக்க வாடகை ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு. ஓட்டப்பந்தய அரங்கைக் கால்பந்துக்கு ஏற்ப மாற்ற 30 கோடி பவுண்டுக்கு மேல் ஆனது. அதில் கிளப் போட்டது 1.5 கோடி. மற்ற அணிகளின் ரசிகர்களுக்கு இன்றும் இதுதான் எரிச்சல். பொதுப்பணத்தில் ஒரு மைதானம் எழுந்தால், அதன் பலன் யாருக்குப் போகிறது என்று அவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பதால்தான் வாடகையும் செலவும் ஊரறிய வெளியே வந்திருக்கின்றன.

இங்கே யார் மைதானம்?

இந்தியாவில் கணக்கு அப்படியே தலைகீழ். பெரிய கிளப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஸ்டேடியம் கிடையாது. சென்னையின் எஃப்.சி. ஆடும் நேரு விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் இருக்கிறது. கொச்சி ஸ்டேடியம் அங்குள்ள வளர்ச்சி ஆணையத்துடையது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம் 1984-இல் திறக்கப்பட்டது, மாநில அரசுக்குச் சொந்தமானது. 1997 ஜூலை 13 அன்று இந்த இரண்டு அணிகளின் ஆட்டத்தைப் பார்க்க அங்கே 1,31,000 பேருக்கு மேல் கூடினார்கள். கொல்கத்தா மைதான் பகுதியில் உள்ள இந்த கிளப்புகளின் பழைய திடல்களோ ராணுவத்தின் நிலத்தில் இருக்கின்றன.

அதாவது, நம் நாட்டு மைதானம் பெரும்பாலும் மக்கள் காசில் நிற்கிறது. இந்த ஒரு செய்திக்குள் நமக்கு ஒரு சட்ட உரிமையும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, உணவகம், பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றோடு, முழுவதுமாகவோ ஒரு பகுதியோ அரசு நிதியால் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. 'அரசு நிதியால் பராமரிக்கப்படும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். யார் காசு என்ற கேள்விக்கும் யார் உள்ளே வரலாம் என்ற கேள்விக்கும் அங்கே முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றபடியே அரங்கனைப் பாடினார், ஸ்ரீரங்கத்து மண்ணில் கால் வைக்கவில்லை என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து வந்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார். தோளில் ஏற்றிக்கொள்ள யாராவது வருவார்களா என்று இனி எவரும் கரையில் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகவே 15(2) எழுதப்பட்டது.

திடலைச் சமன் செய்தவர்கள்

1911-ஆம் ஆண்டைக் கால்பந்து ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஜூலை 29 அன்று, பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை எடுத்தது. அதே 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் பல்வங்கர் பாலு என்ற சுழற்பந்து வீச்சாளர் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். பாலு தலித். புனேயில் வெள்ளையர் கிளப்பில் மைதானத்தை உருட்டி, வலை கட்டி, ஆடுகளம் பராமரிக்கும் கூலியாளாக வேலை பார்த்தவர். பின்னாளில் இந்துக்கள் அணிக்கு ஆடியபோது, களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண்குவளையில் தேநீர் தந்தார்கள். அணித்தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-இல் கிடைத்தது.

மைதானத்தைச் சமன் செய்தவர் மைதானத்துக்கு வெளியே நின்ற கதை புனேயோடு முடியவில்லை. நூறு நாள் வேலையில் எத்தனையோ ஊர்களில் விளையாட்டுத் திடல்கள் சமன் செய்யப்பட்டன. முள் வெட்டி, கல் பொறுக்கி, மண் சுமந்தவர்களில் நம் தெருப் பெண்கள் ஏராளம். அவர்களின் மகளும் மகனும் அந்தத் திடலில் பந்து உதைக்க முடிகிறதா என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் விடுபட்ட இடம்

நம் குடியிருப்புகளுக்குத் திடல் ஏன் இல்லை? 1978-ஆம் ஆண்டின் 31-ஆவது சட்டப்படி ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கென நிலம் கையகப்படுத்தப்பட்டது. தலைக்கு 2 சென்ட், 3 சென்ட் என்று பட்டா தந்தார்கள். தெரு வந்தது, குழாய் வந்தது, விளக்கு வந்தது. பெரும்பாலான மனை வரைபடங்களில் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் வரையப்படவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னாட்டு அளவில் ஒரு கால்பந்து ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் கணக்கில் 176 சென்ட், அதாவது ஏறத்தாழ 58 வீட்டுமனைகள். கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், 3 சென்ட் சொச்சம்தான். நம் தெருக்களில் கபடி செழித்ததற்கு வீரமும் விருப்பமும் காரணம் என்பார்கள். இருந்த இடம் அவ்வளவுதான் என்பதும் ஒரு காரணம். கால்பந்து ஆட ஆசைப்பட்ட பிள்ளை அறுவடை முடிந்த வயலையோ, வறண்ட ஏரியையோ, கொள்ளிட மணலையோ தேடிப் போனான். நடவு தொடங்கினால், ஏரியில் நீர் வந்தால், ஆட்டம் நின்றது. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

இடம் கிடைத்த ஊர்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வடசென்னை வியாசர்பாடியில் முல்லை நகர் மைதானத்தைச் சுற்றி ஒரு கால்பந்துத் தலைமுறையே வளர்ந்தது. அந்த வியாசர்பாடியிலிருந்து போன நந்தகுமார் சேகர்தான் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஒற்றை கோல் அடித்து, ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் நான்காண்டுக்கும் மேற்பட்ட ஏக்கத்தைத் தீர்த்தார். பெங்களூரு கௌதமபுரத்தில், தமிழ் பேசும் உழைக்கும் மக்கள் நிறைந்த தெருவில், அண்ணல் அம்பேத்கர் சிலையோடு பீலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணிவரை போனார். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. நம் பிள்ளைகளின் காலில் குறை எதுவும் இல்லை. காலுக்குக் கீழே நிலம் இல்லாததுதான் குறை.

திருச்சிக்கு வரும் புது அரங்கம்

திருச்சியில் பெரிய மைதானங்கள் உண்டு. காஜாமலை அண்ணா விளையாட்டரங்கம் அரசுடையது. பொன்மலை ஜி கார்னர் ரயில்வேயுடையது. பழைய கல்லூரிகளின் திடல்கள் அந்தந்த நிர்வாகங்களுடையவை. இவற்றோடு, திருவெறும்பூர் பக்கம் எலந்தப்பட்டியில் சுமார் 150 கோடி ரூபாயில் ஒலிம்பிக் அகாடமி என்ற அறிவிப்பும் வந்தது. இதை நாம் வரவேற்கிறோம். நல்ல ஓடுதளமும் நல்ல பயிற்சியாளரும் சென்னைக்கு மட்டும் சொந்தமாக இருக்கக் கூடாது.

ஆனால் லண்டன் ரசிகனைப் போல நாமும் கணக்குக் கேட்க வேண்டும். துறையூர் மலையடிவாரத்துப் பிள்ளை அங்கே எந்தப் பேருந்தில் வருவது? பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, யாருக்கு விலக்கு? விடுதியில் எத்தனை இடம், அதில் பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு எத்தனை? பராமரிப்புச் செலவுக்கென்று அரங்கைத் தனியார் நிகழ்ச்சிகளுக்கு விட்டால், பயிற்சிக்கு எத்தனை நாள் மிஞ்சும்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் பட்டியலினத்தவர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. இந்தப் பங்குக்கு ஏற்ப நிதி ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்பதற்காகவே, ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைச் சட்டமன்றம் 2024-இல் நிறைவேற்றியது. விளையாட்டுக்குச் செலவாகும் பணத்தில் அந்தப் பங்கு எங்கே போகிறது என்று கேட்க நமக்கு இன்று சட்டமே துணை நிற்கிறது.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். பெயர்ப்பலகை மாறுவது நல்லதுதான். பலகைக்குப் பின்னால் ஒரு திடலும் வேண்டும். அதற்குப் பெரிய போராட்டம் தொடங்கும் முன்பே செய்யக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. படிக்கும் பிள்ளைகள் இதை எடுத்துச் செய்யலாம்.

முதலில், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டைப் பாருங்கள். ஊரில் எந்தப் புல எண் புறம்போக்கு, எது யார் கையில் இருக்கிறது என்று அதில் தெரியும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 176 சென்ட் கிடைக்காத ஊரில் 20 சென்ட் கேளுங்கள். அணிக்கு ஐந்து பேர் ஆடும் 40-க்கு 20 மீட்டர் களம் அதில் அடங்கும். அரசுப் பள்ளித் திடலை மாலையில் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடச் சொல்லியும் கேட்கலாம்.

அடுத்து, 2024 முதல் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்கள் ஊரில் எந்த அறையில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பந்து மக்கள் பணத்தில் வந்தது. பூட்டி வைப்பதற்காக வரவில்லை.

மூன்றாவது, இவற்றைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் உண்டு. தீர்மானத்தில் இடம், புல எண், அளவு மூன்றும் இருக்கட்டும். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குவதையும் சேர்த்து எழுதுங்கள்.

பொதுத் திடலில் ஆட விடாமல் சாதி சொல்லித் தடுத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் சேர்ந்த 3(1)(இசட்.ஏ.) பிரிவு இருக்கிறது. பொதுச் சொத்தையும், கேளிக்கை, பொழுதுபோக்கு இடங்களையும், மற்றப் பொது இடங்களையும் மறுப்பது அதன்படி குற்றம். 'சின்னப் பசங்க விளையாட்டுச் சண்டை' என்று பஞ்சாயத்துப் பேசி முடிக்கும் விவகாரம் அல்ல அது.

அர்செனலா டாட்டன்ஹாமா என்று இரவெல்லாம் பேசும் தம்பி, தங்கைகளே, தொடர்ந்து பேசுங்கள். கோடிக்கணக்கான பவுண்டுகளின் கடனும் வாடகையும் உங்களுக்கு மனப்பாடம். அதே கூர்மையோடு உங்கள் ஊராட்சியின் ஒரு புல எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அந்த எண் உங்கள் கையில் இருக்கட்டும்.