பனிக் காலத்தில் மழை வருவது ஏன்?

மார்கழி முடிந்து தை பிறந்ததும், "இனி மழையில்லை, பனிதான்" என்று வடிகால்களைக் கவனிக்காமல் விட்டுவிடும் வழக்கம் காவிரி டெல்டாவின் கடலோரப் பகுதிகளில் உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் இதனால் தீங்கில்லை. கணக்குத் தவறும் ஆண்டில், மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த சம்பாவும் தாளடியும் அறுவடைக்கு நிற்கும் நேரத்தில் தண்ணீரில் சாய்ந்துவிடும். 2021 சனவரியிலும், 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் இதுதான் நேர்ந்தது. 2023-இல் அரசு எக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. விளைந்த நெல்லுக்கு அது ஈடாகுமா என்பதை உழவர்களே அறிவர்.

சனவரி, பிப்ரவரி மாதங்களை வானிலைத் துறையினர் குளிர்காலம் என்கின்றனர். நம் கடற்கரையில் குளிர் என்பது பெயருக்குத்தான். நாகப்பட்டினத்தில் சனவரி இரவிலும் வெப்பநிலை 22 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே இருக்கும். அருகிலுள்ள கடல் நீர் சுமார் 27 டிகிரி வெப்பத்துடன் இருப்பதே காரணம். இந்த வெதுவெதுப்பான கடல்தான் தை மழைக்கும் மூலம்.

ஐப்பசி, கார்த்திகையில் தென் வங்கக் கடலில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகளே நமக்கு மழை தருகின்றன. சூரியன் தெற்கே சாயச் சாய, இந்தத் தாழ்வு மண்டலமும் நிலநடுக்கோட்டை நோக்கி நகர்ந்துவிடுகிறது. தை மாதத்தில் உருவாகும் தாழ்வுகளில் பல இலங்கைக்குத் தெற்கே மேற்காகச் சென்றுவிடும். எப்போதாவது ஒன்று சற்று வடக்கே தள்ளி வந்தால் போதும், ஈரக் கீழைக்காற்று டெல்டாவுக்குள் புகுந்து கனமழை கொட்டும். 2023-இல் வந்த தாழ்வு மண்டலம் பிப்ரவரி 2-ஆம் நாள் இலங்கையின் கிழக்குக் கரையைத்தான் கடந்தது. நனைந்ததோ நம் நெல். எனவே, "இலங்கை அருகே தாழ்வுப் பகுதி" என்று வானொலியில் கேட்டால், அது நமக்கல்ல என்று எண்ணிவிடக் கூடாது.

மேகமில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. அதைத் தொட்டு நிற்கும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகப் படிகிறது. நெல் தரிசு உளுந்துக்கு இப்பனி பெரும் துணை. ஆனால் இலை நெடுநேரம் நனைந்திருந்தால் பின்தங்கிய தாளடியில் குலை நோய் பற்றும். தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்ட வயலில் அதன் வேகம் கூடும்.

இனி வயலுக்கு வருவோம். அறுவடைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். அதற்குப் பின்னும் வடிகால் மடையை அடைக்காதீர்கள். வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டியிருந்தால் பக்கத்து வயல்காரருடன் சேர்ந்து அகற்றுங்கள். ஒருவர் வயல் மட்டும் வடிவது நடவாத காரியம். கதிர்களில் நூற்றுக்கு எண்பது பழுத்ததும் அறுத்துவிடலாம். மீதியும் பழுக்கட்டும் என்று காத்திருப்பது, மழை அறிவிப்பு வந்திருக்கும் நேரத்தில் வீண் துணிச்சல். சாய்ந்த கதிர் நீரில் கிடந்தால் மணி முளைத்துவிடும். முளைக்காமல் தப்பினாலும், 17 சதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

உளுந்து விதைப்பதில்தான் முடிவெடுப்பது கடினம். சம்பா அறுவடைக்கு ஐந்து முதல் பத்து நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தூவ வேண்டும். தூவிய பின் பெருமழை பெய்து நீர் தேங்கினால் விதை அழுகும். மழைக்குப் பயந்து நெடுநாள் தள்ளினாலோ மண் ஈரம் போய்விடும். காய் பிடிக்கும் பருவம் கடும் வெயிலில் சிக்கும். தாழ்வுப் பகுதி பற்றிய அறிவிப்பு இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, மழை கடந்ததும் நீரை வடித்துவிட்டு உடனே விதையுங்கள். மறு விதைப்புக்கென்று சிறிது விதையைக் கையிருப்பில் வைத்துக் கொள்வதும் நல்லது. பூக்கும் தருணத்திலும், அதன்பின் 15 நாட்கள் கழித்தும் 2 சத டி.ஏ.பி. கரைசலை மாலை வேளையில் தெளியுங்கள்.