கோட்டை வாசலில் இருந்த கடல் எங்கே?

பள்ளி விடுமுறை வந்தால் எங்கே போகலாம் என்று வானொலியில் நேயர்களைக் கேட்டாலே போதும், மலாக்கா என்ற பதில் கட்டாயம் வந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து காரில் இரண்டு மணி நேரப் பயணம். ஜோங்கர் ஸ்ட்ரீட்டில் ஒரு நடை, ஒரு கிண்ணம் செண்டோல், சிவப்புக் கட்டடத்தின் முன் ஒரு படம். நானும் பல வருடங்களாக அப்படித்தான் போய் வந்தேன்.

போன விடுமுறையில் ஏ ஃபமோசா கோட்டை வாசலில் நின்று, “அந்தக் காலத்தில் இதன் பக்கத்திலேயே கடல் இருந்தது” என்று மகளிடம் சொன்னேன். சுற்றிலும் பார்த்தவள், “கடல் எங்கம்மா? ஷாப்பிங் மால்தானே இருக்கு?” என்றாள். பதில் சொல்லப் போய், மலாக்காவின் கதையையே சொல்ல வேண்டியதாயிற்று.

பெர்லிஸ், பினாங்குக்கு அடுத்து நாட்டின் மூன்றாவது சிறிய மாநிலம் மலாக்கா. பரப்பளவு ஏறக்குறைய 1,700 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் 1400ஆம் ஆண்டு வாக்கில் பரமேஸ்வரா நிறுவிய இந்தத் துறைமுகத்தை உலகமே தேடி வந்தது. காரணம் காற்று. ஒரு பருவக்காற்றில் இந்தியக் கப்பல்கள் வரும், மற்றொன்றில் சீனக் கப்பல்கள் வரும். காற்று திரும்பும்வரை வணிகர்கள் இங்கே தங்கியாக வேண்டும். அவர்களைக் கவனிக்க ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகப் போர்த்துகீசியர் தோமே பிரெஸ் எழுதிவைத்தார். மைக்கின் முன் ஒரே மொழியில் பிழைப்பு நடத்தும் எனக்கு அது மலைப்பாக இருக்கிறது!

அந்த மொழிகளில் தமிழும் உண்டு. சோழமண்டலக் கரை வணிகர்கள் இங்கே செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். 1511இல் நகரைப் பிடித்த போர்த்துகீசியர், அவர்களில் ஒருவரான நினா சாட்டுவைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினர். உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனையும் விநாயகரையும். டச்சுக்காரர்கள் தந்த நிலத்தில் 1781இல் அவர்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் துக்காங் எமாஸ் சாலையில் இருக்கிறது. சில எட்டு நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அடுத்து செங் ஹூன் தெங் சீனக் கோயில்.

1641இல் டச்சுக்காரர்கள், 1824 ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயர்கள் என்று ஆட்சி கைமாறிக்கொண்டே இருந்தது. பினாங்கும் சிங்கப்பூரும் வளர, ஆற்று முகத்துவாரத்தில் மண் சேர, பெரிய கப்பல்கள் மலாக்காவைக் கடந்து போயின.

கடல் கைவிட்டபோது நிலம் கைகொடுத்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்டது அதுவே முதல்முறை. பிறகு பால்மரம் நாடெங்கும் பரவ, நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறிய கதை உங்களுக்குத் தெரியும். இன்று ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் பகுதிகளில் மின்னியல் தொழிற்சாலைகள், பெகோவில் ஹோண்டா கார் ஆலை, சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தபின் சுற்றுலாவும் பெரிய வருமானம்.

அந்தச் சுற்றுலாவுக்கு இடம் வேண்டும். கடலில் மண் கொட்டப்பட்டது. கோட்டைக்கு முன் இருந்த கடல் பேரங்காடிகளும் ஹோட்டல்களும் நிற்கும் தரையானது. உஜோங் பாசிரில் உள்ள போர்த்துகீசியர் குடியிருப்பில் கதை இன்னும் முடியவில்லை. கிரிஸ்தாங் மொழி பேசும் அந்த மக்கள், கரையோரத்தில் வலை தள்ளி கெராகாவ் என்னும் பொடி இறாலைப் பிடித்து வாழ்ந்தவர்கள். நாம் ருசித்துச் சாப்பிடும் சிஞ்சாலோக் அந்த இறாலில்தான் ஆகிறது. கரையை மண் மூட மூட, இறாலும் வலையும் குறைந்தன.

கம்போங் செட்டியிலும் இதே கவலைதான். இளையவர்கள் வேலை தேடி வெளியூர் போய்விடுகிறார்கள். ஆனால் மாரியம்மனுக்கு எடுக்கும் டத்தோ சாச்சார் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறார்கள்.

அடுத்த முறை மலாக்கா போனால், ஜோங்கர் ஸ்ட்ரீட்டோடு திரும்பிவிடாதீர்கள். காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போய் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். மாலையில் போர்த்துகீசியர் குடியிருப்பில் மீன் சாப்பிடுங்கள். நாங்கள் அங்கேதான் முடித்தோம். சாப்பாட்டு மேசையிலிருந்து மகள் கையை நீட்டி, “அதோ கடல்!” என்றாள். அவள் பிள்ளைக்கும் அது அங்கேயே இருக்க வேண்டும்.