மூன்று சிக்மா போதுமா?

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அதன் பெட்டிக்கு அடியில் தொங்கும் ஒரு மின்சாதனம் எப்படி ஆடும்? தண்டவாள இணைப்பு, பாயின்ட், தேய்ந்த சக்கரம் எல்லாம் ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் அதை உலுக்குகின்றன. பல்லாவரத்தைத் தாண்டும்போது குறிப்பிட்ட ஒரு நொடியில் எந்தப் பக்கம், எவ்வளவு ஆடும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த அதிர்வெண்ணில் உலுக்கலின் வீரியம் எவ்வளவு என்று மட்டும் சொல்லலாம். அதைக் காட்டும் வரைபடம்தான் பி.எஸ்.டி. (பவர் ஸ்பெக்ட்ரல் டென்சிட்டி).

ரயில் சாதனங்களுக்கான ஐ.இ.சி. 61373 தரநிலை, பெட்டியின் உடற்பகுதியில் மாட்டும் 500 கிலோ வரையிலான சாதனங்களுக்கு, 5 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை இந்த வரைபடத்தை வகுத்துத் தருகிறது. ஆனால் சாதனம் இந்த உலுக்கலைத் தாங்குமா என்று கணக்கிடும் மென்பொருளில் எடுத்த எடுப்பில் அதைக் கொடுக்க முடியாது. முதலில் மோடல் அனாலிசிஸ் செய்து இயல்பு அதிர்வெண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். 150-இல் நிறுத்தாமல் 225 ஹெர்ட்ஸ் வரை போவது வழக்கம். பிறகு, சாதனம் போல்ட் போட்டு நிற்கும் இடங்களில் பி.எஸ்.டி.யைக் கொடுக்கலாம். இங்கே அலகில் கவனம் வேண்டும். முடுக்கத்தை 'ஜி'யில் கொடுக்க வேண்டிய இடத்தில் மீட்டர் கணக்கைக் கொடுத்தால் உள்ளீடு 96 மடங்கு எகிறும். மென்பொருள் முணுமுணுக்காமல் விடை தரும்.

அடுத்தது டாம்பிங், அதாவது ஆட்டம் தணியும் அளவு. பலரும் பழைய கோப்பிலிருந்து 2 சதவீதம் என்று அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது உண்மையில் 1 சதவீதமாக இருந்தால், ஒத்ததிர்வில் ஆட்டம் ஏறக்குறைய 1.4 மடங்காகும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் இவ்வளவு அலட்சியமாக நிரப்பப்படும் கட்டம் வேறில்லை.

விடை ஒரு சிக்மா (ஆட்டத்தின் திட்ட விலக்கம்), இரண்டு சிக்மா, மூன்று சிக்மா என்று வரும். மூன்று சிக்மாவுக்குள் 99.73 சதவீத நேரம் அடங்கிவிடுகிறது என்று ஆறுதல்படுகிறோம். ஒரு பிராக்கெட்டின் இயல்பு அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், அது மூன்று சிக்மாவை ஒரு பக்கமாக மட்டுமே இரண்டேகால் நொடிக்கு ஒரு தடவை தாண்டும். இதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் சுமார் 1,600 தடவை. உடனே உடையாது, உலோகச் சோர்வு மெல்லச் சேரும். அதனால் உச்ச அழுத்தத்தை மட்டும் பார்த்துக் கோப்பை மூடக்கூடாது, சோர்வுக் கணக்கும் போட வேண்டும்.

பி.எஸ்.டி.யை வைத்துக் கணக்கிடும் இந்த முறைக்கு நேரியல் கணக்குதான் தெரியும். இரண்டு தகடுகள் தட்டி விலகுவதோ, போல்ட் வழுக்குவதோ அதில் வராது. ஜி.எஸ்.டி. சாலைப் பள்ளத்தில் பேருந்து தொப்பென்று இறங்குவதும் இதில் சேராது; அது அதிர்ச்சி, தனியாகக் கணக்கிட வேண்டியது. ரயில் சாதனமோ, கடைசியில் அதிர்வு மேசையில் ஏறி, மூன்று திசைகளிலும் தலா 5 மணி நேரம் குலுங்க வேண்டும்.