மனை வாங்கும் முன் மழையைக் கேளுங்கள்!

புதுச்சேரியில் செஞ்சி சாலைக்கும் அம்பூர் சாலைக்கும் நடுவே ஓடுகிறது பெரிய வாய்க்கால். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அதற்குக் கிழக்கே வெள்ளையர் வசித்தார்கள். மேற்கே தமிழர் வசித்தார்கள். ஊரைப் பிரித்த அந்த வாய்க்கால்தான் மழைநீரையும் சுமந்தது.

பிறகு ஊர் வளர்ந்தது. தாழ்ந்த நிலங்களிலும் வீடுகள் எழுந்தன.

படகு வந்தது!

2024 நவம்பர் 30. பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை! ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் வெள்ளக்காடாயின. கிருஷ்ணா நகரில் ராணுவ வீரர்கள் படகில் மக்களை மீட்டார்கள்.

ஏன் இப்படி?

பள்ளமான நிலம் மழைநீரைத் தாங்கி, மெல்ல மண்ணுக்குள் இறக்கும். அதை மேடாக்கினால், தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். வாய்க்காலைக் குப்பை அடைத்தால், தெருவுக்கே திரும்பும். கடல் பொங்கும் நேரத்தில் வாய்க்கால் நீர் வடியவும் வடியாது.

என்ன செய்யலாம்?

கோடையில் மனையைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். பக்கத்துச் சுவர்களில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் என்று கவனியுங்கள். அங்கே நெடுநாள் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். வாய்க்காலை மூடி வாசற்படி கட்டாதீர்கள்.

நம் வீட்டுத் தண்ணீருக்கு வழி வேண்டும். அந்த வழி, அடுத்த வீட்டு வாசலாக இருக்கக் கூடாது!